அண்ணனுக்கு வெறும் கோப்பி

“…பிள்ளையாரை இதுக்குள்ள இழுக்காதீங்க. சத்தியம் பண்ற வாயிலேயே பால் வாசம் அடிக்குது!” என்றார் அண்ணி.

அண்ணன் நாற்காலியில் இருந்தார். துணி சுற்றிய இடது கால் எதிரே ஒரு முக்காலியின் மேல் கிடந்தது. கையில் கோப்பி டின். அதைக் கடையிலிருந்து வாங்கி வந்த அவருடைய லோரிக் கூட்டாளி, வாசற்படியில் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றான். நான் பஸ் கண்டக்டர் உடுப்பைக்கூடக் கழற்றாமல், உட்காரவும் தோன்றாமல், அந்த மூன்று பேருக்கும் நடுவில் நின்றேன். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள். அண்ணனின் கால் உடம்போடு இருக்குமா, இருக்காதா என்று டாக்டர் சொல்லப்போகும் நாள்.

அண்ணி இப்படிக் கத்துகிற ஆள் இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

எப்படி அந்த மாலைக்கு வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாடு சுதந்திரம் வாங்கப்போகிறது என்று மலாக்கா முழுக்க ஒரே பேச்சாக இருந்த மாதங்கள் அவை. நாங்கள் காஜா பெராங்கில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். அண்ணன் அரசாங்க ரோட்டு வேலைக்கு லோரி ஓட்டினார். ஒருநாள் பூட்ஸ் கடித்து இடது சுண்டுவிரலில் ஒரு புண். பூட்ஸ் கடித்த புண்ணுக்கு யார் ஆஸ்பத்திரி போவார்கள்? மஞ்சள் வைத்தார், எண்ணெய் வைத்தார், ரோட்டுக்குப் போடும் தாரைத் தவிர எல்லாவற்றையும் வைத்தார். புண் ஆறவில்லை. விரல் கறுத்த பிறகுதான் போனார். அங்கே அவருடைய நீரை ஒரு கண்ணாடிக் குழாயில் காய்ச்சிப் பார்த்துவிட்டு, “இனிப்பு நீர்” என்று சொல்லிவிட்டார்கள்.

டாக்டர் சுருக்கமாகப் பேசுகிறவர். சீனி இறங்கினால் விரலோடு போகும், இறங்காவிட்டால் கணுக்காலுக்கு மேலே வெட்டவேண்டி வரும் என்றார். டாக்டருக்கு உதவியாகப் புண் கட்டும் டிரெசர் அதைத் தமிழில் சொன்னபோது அண்ணன் சிரிக்கப் பார்த்தார்.

“இடது கால் கிளட்ச் கால் சார். அது போச்சுன்னா நான் அப்புறம் என்னத்தை ஓட்டுறது? பாயையா?”

டிரெசர் சிரிக்கவில்லை. “வாயைக் கட்டுங்க,” என்றார்.

அன்றிலிருந்து அண்ணி வீட்டைக் கட்டினார். சீனி டப்பா அக்கம்பக்கத்துக்குப் போயிற்று. சோறு ஒரு கைப்பிடி. அண்ணனுக்கு இல்லாதது தனக்கும் வேண்டாம் என்று அவரும் இனிப்பை விட்டார். தேத்தண்ணீர்கூட வெறும் தேத்தண்ணீர்தான். ஆஸ்பத்திரியில் ஒரு புட்டி நீல மருந்தும் ஒரு கண்ணாடிக் குழாயும் கொடுத்திருந்தார்கள். காலையில் அண்ணனின் நீரில் சில சொட்டை அந்த மருந்தில் விட்டு, துணி மாட்டும் கவ்வியால் குழாயைப் பிடித்து, மண்ணெண்ணெய் அடுப்பில் காட்டுவார் அண்ணி. நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று மாற மாற ஆபத்து. செங்கல் நிறம் வந்தால் உடம்பெல்லாம் சீனி.

தினமும் செங்கல்தான் வந்தது.

அண்ணி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். குழாயை அண்ணன் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டுவார். அண்ணன் கூரையைப் பார்ப்பார். பட்டினி கிடந்தும் செங்கல் என்றால் யாரோ பொய் சொல்கிறார்கள். குழாய்க்குப் பொய் சொல்லத் தெரியாது. அப்படியானால் அண்ணன்தான்.

இந்தச் சந்தேகம் வந்த பிறகு வீட்டில் யாரும் ஓரிடத்தில் ஒழுங்காக உட்காரவில்லை. அண்ணி தலையணை உறையைத் திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையில் கைவிட்டு, விரலை மோந்து பார்த்தார். நான் வேலைக்குப் போகும்போது கூப்பிட்டு, “தம்பி, இவரு எங்க ஒளிச்சு வச்சிருக்காருன்னு ஒரு கண்ணு வையி,” என்பார். நான் போன கையோடு அண்ணன் கூப்பிட்டு, “உங்க அண்ணிக்கு ஏதோ கிறுக்குப் பிடிச்சிருக்கு, ஒரு கண்ணு வையி,” என்பார். இருக்கிற இரண்டு கண்ணையும் இப்படிப் பங்கு போட்டுவிட்டு நான் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தேன்.

பஸ்ஸில் என் முகத்தைப் பார்த்துக் கேட்காதவர்கள் இல்லை. கேட்டவர்கள் எல்லாரும் வைத்தியம் சொன்னார்கள். பாகற்காய்ச் சாறு என்றார் ஒருவர். நாவல் கொட்டை என்றார் அவர் பக்கத்தில் இருந்தவர். பசாரில் மீன் விற்கும் ஓர் அம்மாள் மட்டும் மருந்து ஒன்றும் சொல்லவில்லை. “எங்க வூட்டுக்காரருக்கும் இதே சீக்குதான். மருந்து எங்க இருக்குன்னு தெரியாது, பலகாரம் எங்க இருக்குன்னு இருட்டுல தெரியும். உங்க அண்ணன் நல்லவருதான் தம்பி, நாக்கை மட்டும் நம்பாத,” என்றார். அந்தப் பேச்சை நான் வீடு வரைக்கும் சுமந்துகொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் வேறு கூத்து. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என்ன கொண்டுபோவார்கள்? குளுக்கோஸ் மாவு டின். மால்ட் டின். கிரீம் வைத்த பிஸ்கட். இனிப்பு நீர்க்காரரைப் பார்க்க வந்தவர்களும் அதையேதான் கொண்டுவந்தார்கள். அலமாரியில் குளுக்கோஸ் டின்கள் கோபுரம் மாதிரி ஏறின. அண்ணி பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். வந்தவர்கள் அண்ணனைப் பார்த்ததும், “என்னப்பா இப்படி வத்திப் போயிட்டே! அண்ணி சோறு போடறதில்லையா?” என்பார்கள். அண்ணியின் முகம் அடுப்படிக்குள் போய்விடும். எங்கள் ஆட்களிடம் உடம்பு என்றால் சதை. சதை இல்லாதவனுக்கு வீட்டில் கவனிப்பு இல்லை. அண்ணன் பருமனாக இருந்த காலத்தில் அவருக்கு நோய் என்று யாரும் நினைத்ததில்லை. அப்போதுதான் நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருந்தது.

எங்கள் வரிசைக்கு எதிரே திடலில் ஒருநாள் படம் காட்டும் வேன் வந்தது. ஒரு மால்ட் பானத்தின் விளம்பரத்துக்காக வந்த வேன். புதிய நாட்டுக்குப் பலசாலிகள் வேண்டும், பலத்துக்கு இந்தப் பானம் வேண்டும் என்று ஒலிபெருக்கி மூன்று பாஷையில் சொன்னது. திரையில் ஒரு ஆள் கோப்பை நிறையக் குடித்துவிட்டு மூட்டையைத் தூக்கினான். கூட்டம் கைதட்டியது. பிறகு ஆளுக்கொரு சின்னக் கோப்பை இலவசம். அண்ணன் சன்னலருகே நாற்காலியை நகர்த்திப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சுதந்திரம் வருகிறதென்றால் ஊரே இனிப்பைத்தான் கொண்டாடும் போலிருக்கிறது. நான் எனக்குக் கொடுத்த கோப்பையைக் குடிக்காமல் ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வந்தால், “எப்படி இருந்திச்சு?” என்று கேட்கிறார் அண்ணன். அவர் கேட்ட விதம் எனக்கு அன்றைக்குப் பிடிக்கவில்லை.

நாக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாங்கள் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள். பால்மரக் காட்டில் விடியுமுன் கிடைத்தது வெறும் தேத்தண்ணீர். சீனி போட்டுக் கெட்டியாகக் காய்ச்சிய டின் பால் என்பது, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டில் மட்டும் இருந்த சாமான். அந்த டின்னின் படத்தை நாங்கள் கிராணி வீட்டுக் குப்பையில்தான் பார்த்தோம். டவுனுக்கு வந்து, அண்ணன் லோரி ஏறி, முதல் சம்பளத்தில் கோப்பிக்கடையில் உட்கார்ந்தபோது, “பால் கெட்டியா!” என்று சத்தமாகச் சொன்னார். பக்கத்து மேசைக்குக் கேட்கும்படி. கரண்டி நிற்கிற கெட்டி. அதற்குப் பிறகு எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை என்று யார் கண்டது. அவருக்கு அது பால் இல்லை. தோட்டத்தை விட்டு வந்தோம் என்பதற்கு அடையாளம். அடையாளத்தை விடச் சொன்னால் மனிதன் விடுவானா?

ஆனாலும் விட்டார். அதுதான் எங்களுக்குப் புரியாத விஷயம். நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் கோப்பிக்கடைக்குப் போக முடியாது. கோப்பி இல்லாமல் தலை இடிக்கிறது என்று கெஞ்சினார். அண்ணி டிரெசரிடம் கேட்டார். பாலும் சீனியும் இல்லாத வெறும் கோப்பி குடிக்கலாம் என்றார் டிரெசர். கடையில் அதற்குக் கோப்பி ஓ கோசோங் என்று பெயர். லோரிக் கூட்டாளி காலையில் வேலைக்குப் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் அதை வாங்கிவந்து கொடுத்துவிட்டுப் போவான். அண்ணனோடு லோரியில் ஏறி இறங்குகிற ஆள், கலகலப்பானவன். வாசலிலேயே, “அண்ணே, பாவக்கா ஜூஸ் வந்தாச்சு!” என்று குரல் கொடுப்பான்.

அண்ணியின் கண் அவன் மேல் விழுந்தது. “இவன் சிரிக்கிற சிரிப்பே சரியில்ல தம்பி. வழியில எதையோ கலக்கிக் கொண்டாரான். ரெண்டு பேரும் சேர்ந்து என் தலையில மொளகா அரைக்கிறாங்க.”

பக்கத்து வீட்டு அம்மாளிடமும் அண்ணிக்கு மனத்தாங்கல். அவர் மலாக்காச் செட்டிக் குடும்பம். சாமி கும்பிடுவது நம்மைப் போல, பேசுவது மலாயில். மனசு தங்கம். தென்னை வெல்லம் போட்டுப் பலகாரம் செய்தால் முதல் தட்டு எங்களுக்குத்தான் வரும். இது சீனி இல்லை, மரத்திலிருந்து வருவது, மரத்திலிருந்து வருவது உடம்பை என்ன செய்யும் என்று அவர் மலாயில் சொல்லி, தட்டை நீட்டுவார். அண்ணி வாங்கி, அதே கையால் எனக்குக் கொடுத்துவிடுவார். அந்த மாதங்களில் எங்கள் வரிசையில் நான் ஒருவன்தான் கொழுத்தேன்.

எனக்கு லீவு கிடைத்த ஒரு மாலையில், அண்ணி சொன்னபடி கோப்பிக்கடைக்குப் போய் ஒரு மூலை மேசையில் உட்கார்ந்தேன். கடை வீட்டுக்கு எதிர்ச்சாரியில்தான். சுவரில் டின் பால் விளம்பரத் தகடு. அதில் கன்னம் உப்பிய ஒரு குழந்தை. லோரிக் கூட்டாளி வந்தான். “தவுக்கே! கோப்பி ஓ கோசோங், கட்டிக் கொடு!” என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னான். கடைக்காரச் சீனர் துணிப்பையில் வடித்த கோப்பியைத் தூக்கி ஊற்றினார். கறுப்பு. மை மாதிரிக் கறுப்பு. ஒரு கரண்டி சீனி விழவில்லை. காலியான பால் டின்னில்தான் கோப்பி கட்டிக் கொடுப்பார்கள், எல்லாக் கடையிலும் அப்படித்தான். மூடியை மடக்கி, ஓட்டை போட்டு, கயிறு மாட்டிக் கொடுத்தார். கூட்டாளி அதைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தான். நான் பின்னாலேயே போனேன். வழியில் யாரிடமும் நிற்கவில்லை, ஒன்றும் கலக்கவில்லை.

“என் கண்ணால பார்த்தேன் அண்ணி. கறுப்பு.”

“அப்போ இவருதான்,” என்றார் அண்ணி. குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. ஒருவன் தன் காலையே பலி கொடுத்துப் பொய் சொல்வான் என்றால், அவனோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு என்ன மிச்சம்? அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையும் குழாயில் செங்கல் நிறம்தான். அந்த மாலையில்தான், நான் முதலில் சொன்ன பேச்சு.

அன்றைக்குக் கூட்டாளி டின்னைக் கொடுத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தான். அண்ணி மறித்தார். “நாளைக்கு டாக்டர் கேட்பாரு. இப்பவே சொல்லுங்க. எங்கேர்ந்து திங்கிறீங்க?”

“நான் எதையும் தின்னலே,” என்றார் அண்ணன், டின்னிலிருந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு. “துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் மேல ஆணையா…”

அப்போதுதான் அண்ணி பால் வாசம் என்றார். அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “என்ன பால்? கசப்புத் தண்ணிய வாங்கிக் கொடுத்துட்டு வாசமாம் வாசம்! நீயே குடிச்சுப் பாரு!”

அண்ணி டின்னைப் பிடுங்கினார். நின்றபடியே வாயில் வைத்துக் கவிழ்த்தார். சாதாரணமாக ஆண்கள் வாய் வைத்த டின்னில் வாய் வைக்கமாட்டார். அன்று குடித்தார். பாதி குடித்ததும் நிறுத்தி, நாக்கால் மேலண்ணத்தைத் தொட்டார்.

“இனிக்குது.”

“கசக்குது!” என்றார் அண்ணன்.

“இனிக்குதுங்க.”

“அண்ணி, நான் கோசோங்னுதான் சொன்னேன். எங்கம்மா மேல சத்தியம்,” என்றான் கூட்டாளி. முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. “அண்ணி நாக்குல ஏதோ கோளாறுலா.”

நான் வாங்கிக் குடித்தேன். மேலாகக் கசப்பு. அடியில் போகப் போகத் தேன். அண்ணனும் பொய் சொல்லவில்லை, அண்ணியும் பொய் சொல்லவில்லை. கரண்டி நிற்கிற கெட்டிப் பாலில் பழகிய நாக்குக்கு அது கசப்பு. பல வாரங்களாக இனிப்பைத் தொடாத நாக்குக்கு அது பாயசம். அண்ணி மிச்சக் கோப்பியை முற்றத்தில் ஊற்றிவிட்டு, மடங்கிய மூடிக்குக் கீழே விரலை விட்டு டின்னின் அடியை வழித்தார். விரல் வெள்ளையாக வெளியே வந்தது. கட்டியாக, பிசுபிசுவென்று, கோப்பிச் சூட்டிலும் கரையாமல் மிஞ்சிய டின் பால்.

அண்ணி அந்த விரலை அண்ணன் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். அண்ணன் மெல்லச் சொன்னார்: “கடைசி மடக்கு மட்டும் கொஞ்சம் நல்லா இருக்கும். தூள் நல்ல தூள்னு நினைச்சேன்.”

நினைத்தாரா? இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அதில் ஒரு குடைச்சல் உண்டு. பால் இது என்று அவர் நாக்குக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும், தெரியாத மாதிரி இருக்க மனசு சம்மதித்திருக்கும். நமக்கு வேண்டியதை யாராவது நமக்குத் தெரியாமல் கொடுத்தால் வேண்டாம் என்று எவன் தேடிப் போய்ச் சொல்வான்? அண்ணி அதைக் கடைசிவரை அவரிடம் கேட்கவில்லை.

காலைப் பற்றிக் கேட்பீர்கள். மறுநாள் டாக்டரிடம் டின் கதையைச் சொல்லி அவகாசம் கேட்டோம். கொடுத்தார். குழாயின் நிறம் மஞ்சளுக்கு இறங்கியது, பிறகு பச்சைக்கு. சுண்டுவிரல் போயிற்று, கால் நின்றது. கொடி மாறிய அன்று அண்ணன் கைத்தடியோடு வாசலில் நின்று ஊர்வலம் பார்த்தார். பிறகு லோரியும் ஏறினார். ஆனால் அன்று மாலை இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் அண்ணியின் விரலில் இருந்த வெள்ளை.

அண்ணி டின்னை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினார்.

“ஏய், எங்க போறே?” என்றார் அண்ணன். எங்கள் வரிசைப் பெண்கள் யாரும் அந்தக் கோப்பிக்கடைக்குள் கால் வைத்ததில்லை. வேண்டுமென்றால் பிள்ளைகளை அனுப்புவார்கள். அண்ணி ரோட்டைக் கடந்து, முன்மேசையில் இருந்த ஆண்களை விலக்கிக்கொண்டு, நேரே அடுப்பு மேடைக்குப் போனார். பின்னால் நான். எனக்குப் பின்னால் கூட்டாளி, தன் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்ள.

கடைக்காரர் டின்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். “அச்சி, கோப்பி நல்லா இல்லையா?” என்று பசார் மலாயில் கேட்டார்.

“டின்னைக் கழுவ மாட்டியா நீ?” என்று அண்ணி தமிழில் கேட்டார். கூட்டாளி மலாயில் சொன்னான்.

கடைக்காரருக்கு அது குற்றமாகவே படவில்லை. கழுவினால் ருசி போய்விடும் என்றார். கட்டிக் கொண்டுபோகிறவர்களுக்கு டின்னில் ஒட்டிய பால் இனாம். பழைய வாடிக்கைக்குக் கொஞ்சம் கூடவே விட்டுவைப்பது வழக்கம். “உன் புருஷன் பெரிய ஆள், இப்போ கால் வலி, கோசோங் குடிக்கிறான். கெசியான்லா,” என்றார். பாவம் என்று அர்த்தம். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னார். அதனால் வழிக்காத டின்னாகப் பார்த்து, அடியில் ஒரு விரல் கனம் பால் இருக்கும்படி அண்ணனுக்கென்று தனியாக எடுத்து வைப்பாராம். காலையும் மாலையும்.

மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். அண்ணியின் கண்ணில் நீர் கோத்திருந்தது. யார் மேல் கோபப்படுவது? அலமாரியில் குளுக்கோஸ் அடுக்கியவர்கள் மேலா, தட்டு நீட்டிய பக்கத்து வீட்டம்மாள் மேலா, நெஞ்சில் கை வைத்து நிற்கிற இந்த மனுஷன் மேலா?

கடைக்காரர் பதறிப்போய் ஒரு கோப்பையை எடுத்து, “அச்சி உட்காரு, குடி, காசு வேண்டாம்,” என்று பால் கரண்டியை நீட்டினார்.

அண்ணி தலையசைத்து, கொதிக்கும் கெண்டியைத் தானே எடுத்தார். டின்னில் வெந்நீர் ஊற்றி, குலுக்கி, கடை வாசல் சாக்கடையில் கொட்டினார். மறுபடி ஊற்றினார், மறுபடி கொட்டினார். பிறகு மூன்றாவதாக ஊற்றிய வெந்நீரை ஊதி ஊதி ஆற்றி, அத்தனை ஆண்களும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு வாய் குடித்துப் பார்த்தார். மிச்சத்தையும் கொட்டிவிட்டு, டின்னைக் கடைக்காரர் முன்னால் நீட்டி, “இப்ப ஊத்து,” என்றார்.